'மரங்கள்' ஏன் 'மரங' ஆயிற்று? பைத்தானுக்குப் பிழை அறிக்கை எழுதும் முறை

பழைய தமிழ் வார இதழ்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, சொல் சொல்லாகப் பிரித்து அட்டவணை போடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. எல்லாமே பைத்தான் என்ற நிரல்மொழியில். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, பைத்தான்லயே பக் இருக்கு" என்று நிற்பார்கள். பெரும்பாலும் இருக்காது. சில சமயம் நிஜமாகவே இருக்கும். இன்னும் சில சமயம், பக் என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் விட்டுவிட முடியாது என்கிற இடத்தில் போய் நிற்கும். தமிழ் எழுத்தோடு வேலை செய்பவர்களுக்கு அந்த மூன்றாவது வகைதான் அடிக்கடி வாய்க்கிறது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பேசுவது சிபைத்தானைப் பற்றி. பைத்தான் டாட் ஆர்க்கில் நாம் இறக்கிக்கொள்ளும், சி மொழியில் எழுதப்பட்ட அந்தப் பைத்தான். அதன் மூலநிரல் 2017 முதல் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் இருக்கிறது. பிழைப் பதிவுகளும் 2022-இல் அங்கேயே குடிபெயர்ந்தன.

முதலில் ஆவணம்

பன்மை விகுதியை வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மரங்கள்" என்ற சொல்லிலிருந்து "கள்" போக வேண்டும். ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச்சரத்துக்கு) ஆர்ஸ்ட்ரிப் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, அதற்குள் "கள்" என்று கொடுக்கிறீர்கள். வருவது இது:

'மரங'

"மரங்" என்று வந்திருந்தால் கணக்கு சரி. ங-வின் தலையிலிருந்த புள்ளியை யார் எடுத்தது?

கணினிக்கு "மரங்கள்" என்பது ஏழு குறியெண்கள்: ம, ர, ங, புள்ளி, க, ள, புள்ளி. நீங்கள் கொடுத்த "கள்" மூன்று: க, ள, புள்ளி. ஆர்ஸ்ட்ரிப் என்ன செய்கிறது என்றால், வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, இந்த மூன்றில் எது கண்ணில் பட்டாலும், எந்த வரிசையில் பட்டாலும் எடுத்துப் போட்டுக்கொண்டே வருகிறது. கடைசிப் புள்ளி, ள, க, அப்புறம் ங-வின் புள்ளி. ங அந்த மூன்றில் இல்லை, அதனால் அங்கே நிற்கிறது. "மக்கள்" என்று கொடுத்துப் பாருங்கள், "ம" மட்டும்தான் மிஞ்சும்.

இதைப் பக் என்று பதிவு செய்தால் மூடிவிடுவார்கள். ஆர்ஸ்ட்ரிப்புக்குக் கொடுப்பது ஒரு விகுதி இல்லை, எழுத்துகளின் தொகுப்பு என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நமக்கு வியப்பாக இருப்பது பக் ஆகாது. ஆவணம் ஒன்று சொல்லி, நிரல் வேறொன்று செய்தால்தான் பக். அதனால் கை கீபோர்டுக்குப் போகும் முன், அந்த ஃபங்ஷனின் ஆவணப் பத்தியை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதிலையோ ஏஐ சொன்னதையோ சொல்லவில்லை. பைத்தானின் சொந்த ஆவணத்தைச் சொல்கிறேன். அதுவும் நீங்கள் ஓட்டுகிற அதே பதிப்புக்கானதை. பக்கத்தின் மேலே பதிப்பை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஆர்ஸ்ட்ரிப் கதை அங்கே முடியவில்லை. உலகம் முழுக்க ஆட்கள் இதையே திரும்பத் திரும்பப் பக் என்று பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றும் மூடப்பட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, மக்களுக்கு உண்மையில் வேறொரு கருவி தேவை என்பது தெரிந்தது. பெப் 616 (பெப் என்றால் பைத்தானில் மாற்றம் கோரும் முறையான முன்மொழிவு) அந்தக் குழப்பத்தையே ஆதாரமாகக் காட்டி எழுதப்பட்டது. 2020 அக்டோபரில் வந்த 3.9 பதிப்பில் ரிமூவ்பிரிஃபிக்ஸ், ரிமூவ்சஃபிக்ஸ் என்று இரண்டு மெத்தடுகள் சேர்ந்தன. இப்போது ரிமூவ்சஃபிக்ஸுக்கு "கள்" கொடுத்தால் "மரங்" கிடைக்கும். "மரம்" ஆக்குவது உங்கள் இலக்கண நிரலின் பாடு.

ஆவணப்படி சரியாகவே நடந்தும் ஓயாமல் பதிவாகும் பழைய ஆட்கள் இன்னும் சிலர் உண்டு. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருவது, பெரும்பாலான மொழிகள் பின்பற்றும் ஐட்ரிபிள்இ 754 இரும (பைனரி) முறை அப்படி. 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வருவது. சரிபாதியில் நிற்கும் எண் இரட்டைப்படைப் பக்கம் சாயும். ஃபங்ஷனின் டீஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் கொடுத்தால் அது அடுத்த அழைப்பிலும் பழைய சரக்கோடு வருவது. "தமிழ்" என்பதன் நீளம் 3 இல்லாமல் 5 என்று வருவதும் இந்த வரிசைதான். பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியெண்களை. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி.

யார் வீட்டுப் பிழை?

அடுத்த கேள்வி, இது பைத்தானுடையதுதானா? பாண்டாஸ், நம்பை, ஜாங்கோ எல்லாம் தனித்தனி திட்டங்கள். அவற்றின் பிழைகளுக்கு அவற்றின் ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) இருக்கின்றன. இம்போர்ட் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பைத்தானோடு வரும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு பிரச்சினையைக் காட்ட முடிந்தால் சிபைத்தான். இல்லாவிட்டால் வேறு கதவு.

டெர்மினலில் கொம்பும் காலும் பிரிந்து தெரிவது பைத்தான் வேலையே இல்லை. அது ஃபாண்டும் டெர்மினலும் சேர்ந்து செய்வது. உள்ளே இருக்கிற தரவு கெட்டுவிட்டதா, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் கெட்டதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி, பைத்தானிலேயே இருக்கும் ஆஸ்கி என்ற ஃபங்ஷன். ஸ்ட்ரிங்கை அதற்குள் கொடுத்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் அதன் குறியெண்ணாக அச்சிடும். ஃபாண்ட் குறுக்கே வராது.

விண்டோஸில் இன்னொன்று. தமிழ்க் கோப்பைத் திறந்தால் தலையில் கோடு போட்ட ஏ-க்களும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறிகளும் வரிசையாக வரும், இல்லாவிட்டால் யூனிகோட்டிகோட்எரர் என்று விழும். கோப்பு இருப்பது யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதி வைக்கும் முறையில்; ஆனால் ஓப்பன் ஃபங்ஷனுக்கு என்கோடிங் சொல்லாமல் விட்டால், அது விண்டோஸின் பழைய வட்டார என்கோடிங்கை எடுத்துக்கொள்கிறது. இதுவும் ஆவணத்தில் இருக்கிற நடத்தைதான், எனவே பக் இல்லை. ஆனால் மோசமான நடத்தை என்பதில் எவருக்கும் பெரிய மாற்றுக்கருத்து கிடையாது. அதை மாற்ற எத்தனை வருடம் ஆகிறது பாருங்கள்: 2018-இல் வந்த 3.7-இல் விரும்பினால் போட்டுக்கொள்ள யுடிஎஃப்-8 மோடு. 2021-இல் வந்த 3.10-இல், என்கோடிங் சொல்லாத இடங்களைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை, அதுவும் கேட்டால் மட்டும். பெப் 686 அதை இயல்புநிலையாக மாற்ற எடுத்துக்கொண்ட பதிப்பு 3.15. நடுவில் யாருடைய நிரலும் உடையக்கூடாது என்பதற்காக இவ்வளவு படிகள். "இதை மாற்ற ஒரு வரி போதுமே" என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிஜமான வழக்கு

இப்போது மூன்றாவது வகைக்கு வருகிறேன். எழுத்து வடிவங்களை விதி கொடுத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (சுருக்கமாக ரெகெக்ஸ்) ரீ என்ற மாட்யூல் இருக்கிறது. அதில் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ என்றால் சொல்லுக்குரிய எழுத்து. அதன் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு ஃபைண்ட்ஆல் செய்தால் ஒரு வரியில் உள்ள சொற்களை எல்லாம் பிரித்துத் தரும். ஆங்கிலத்தில் தரும். "தமிழ்" என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் வருவது:

['தம', 'ழ']

இகரக்குறியும் புள்ளியும் போய்விட்டன, ஒரு சொல் இரண்டாக உடைந்துவிட்டது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு முழு ஆண்டு இதழ்களின் சொல் அட்டவணையில் "ழ" என்ற சொல் முதலிடத்தில் வந்து நின்றபோதுதான் இது கண்ணில் பட்டது.

இதைக் கையில் எடுத்தால் எப்படி நடத்த வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சுருக்க வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு பெரிய கோப்பும், பாண்டாஸும், நாலு ஃபங்ஷன்களும். கோப்பைப் பாதியாக வெட்டு. பிரச்சினை இன்னும் இருந்தால் மறுபாதியைத் தூக்கிப் போடு. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு சொல்லில் வந்து நிற்கும். பிறகு பாண்டாஸை எடு, ஃபங்ஷன்களை எடு. கடைசியில் இரண்டே வரி: ரீயை இம்போர்ட் செய்வது ஒன்று, ஃபைண்ட்ஆல் ஒன்று. வேறெதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் காப்பி செய்து ஒட்டி ஓட்டக்கூடிய நிலைக்கு வர வேண்டும். அறிக்கையைப் படிக்கும் ஆள் உங்கள் கோப்பை இறக்கமாட்டார். உங்கள் ரெப்போவை குளோன் செய்யமாட்டார். இந்தச் சுருக்கும் வேலையில்தான் பாதிப் பிழைகள் தாமாகவே காணாமல் போகும், ஏனென்றால் அவை உங்கள் நிரலில் இருந்திருக்கும்.

தமிழுக்கு மட்டுமான ஒரு எச்சரிக்கை. "கொ" என்பதை ஒருவர் கீபோர்டு க-வும் 3018 என்ற ஒரே ஒகரக்குறியுமாக அனுப்பும். இன்னொருவருடையது க, அப்புறம் எகரக்குறி 3014, காலெழுத்து 3006 என்று மூன்றாக அனுப்பும். பார்க்க ஒரே மாதிரி. ஒப்பிட்டால் பைத்தான் வேறு வேறு என்று சொல்லும். ஔகாரத்தில் இன்னும் மோசம், பலர் அந்தச் சிறகுக்குப் பதிலாக ளகரத்தையே தட்டி வைத்திருப்பார்கள். உங்கள் உதாரணத்தை யாராவது திரும்பத் தட்டச்சு செய்தால் பிழை மறைந்து போகலாம். அதனால் அறிக்கையில் சொல்லையும் போடுங்கள், பக்கத்திலேயே ஆஸ்கி ஃபங்ஷன் தந்த குறியெண் வடிவத்தையும் போடுங்கள். யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கும் நார்மலைஸால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகும் பிழை நிற்கிறதா என்று பார்த்துவிடுவதும் நல்லது. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். படத்திலிருந்து யாராலும் "தமிழ்" என்பதைக் காப்பி செய்ய முடியாது; தேடலிலும் அது சிக்காது.

அடுத்து, ஏன் என்று உள்ளே போய்ப் பார்ப்பது. கட்டாயமில்லை, ஆனால் அறிக்கையின் எடை கூடும். "தமிழ்" என்பதற்கு ஈஸ்ஆல்ஃபா கேட்டால் பைத்தான் இல்லை என்கிறது. அதே சொல்லுக்கு ஈஸ்ஐடென்டிஃபையர் கேட்டால் ஆம் என்கிறது; அதாவது "தமிழ்" என்று வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம், ஆனால் அது முழுக்க எழுத்துகளால் ஆன சொல் இல்லையாம். காரணம், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. ஈஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டும் பார்க்கிறது. ரீ மாட்யூலின் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ, ஈஸ்ஆல்னம் எதை ஒப்புக்கொள்கிறதோ அதையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கிறது. யூனிகோடின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழிகாட்டியோ, சொல்லெழுத்து என்றால் குறிகளும் சேர்த்தி என்கிறது. இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு உறுதியான பிடி கிடைத்துவிட்டது: "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதிலிருந்து "இன்ன தரத்துக்கு மாறாக இருக்கிறது" என்பதற்கு வந்துவிட்டீர்கள்.

இப்போது தேடுங்கள். திறந்த பதிவுகளில் மட்டும் தேடினால் போதாது. மூடியவற்றிலும் தேட வேண்டும், கிட்ஹப் தானாகப் போட்டிருக்கும் "திறந்தவை மட்டும்" என்ற வடிகட்டியை எடுத்துவிட்டு. ஃபங்ஷன் பெயர், எரர் செய்தியின் ஒரு துண்டு, யூனிகோட், இந்தி, அரபு என்று வெவ்வேறு சொற்களைப் போடுங்கள். தமிழ் என்று மட்டும் தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். நம் பிரச்சினை எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொது, வேறு யாரோ முன்பே முட்டியிருப்பார்கள்.

முட்டித்தான் இருக்கிறார்கள். 2007-லேயே 1693050 என்ற எண்ணில், ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு இது உதவவில்லை என்று ஒருவர் பதிந்திருக்கிறார். 2011-இல் 12731 என்ற எண்ணில் பெர்ல் மொழி வட்டாரத்திலிருந்து வந்த ஒருவர், இது யூனிகோட் தரத்துக்கு முழு மீறல் என்று தலைப்பிலேயே காட்டமாக எழுதி, இன்னும் பல யூனிகோட் குறைகளையும் அதே சூட்டில் அடுக்கினார். சொன்ன விஷயம் நியாயம். சூடு எவ்வளவு உதவியது என்பதில் எனக்குச் சந்தேகம். அந்தப் பழைய எண்கள் எல்லாம் கிட்ஹப்புக்கு வருவதற்கு முந்தைய பதிவேட்டின் எண்கள். குடிபெயர்ந்தபோது புது எண் கிடைத்தது, பழைய பக்கம் படிப்பதற்கு மட்டும் இருக்கிறது.

அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் புதிதாகத் திறக்க வேண்டாம். "எனக்கும்தான்" என்று எழுதவும் வேண்டாம். அது அந்தப் பதிவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போய் விழும். கட்டைவிரல் குறியை அழுத்திவிட்டுப் போகலாம். அங்கே இல்லாத ஒன்று உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். தமிழ் உதாரணம், இன்றைய பதிப்பில் சோதித்த விளைவு, "சொல் எல்லை"யான பேக்ஸ்லாஷ்-பி-யும் இதனால் சொல்லின் நடுவில் விழுகிறது என்ற கூடுதல் தகவல். இவை சரக்கு.

அறிக்கை

பழையது எதுவும் கிடைக்கவில்லை என்றால்தான் புதிது. கிட்ஹப்பில் புதிய இஷ்யூ (பதிவு) திறக்கும்போதே பக், கிராஷ், புது வசதி என்று படிவம் கேட்கும். கிராஷ் என்பது நிரல் எக்ஸெப்ஷன் கொடுத்து நிற்பது இல்லை. பைத்தானே செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகிச் சாய்வது. ட்ரேஸ்பேக் (பிழை எந்த வரியில் எழுந்தது என்று காட்டும் பட்டியல்) ஒழுங்காக வந்திருந்தால் அது கிராஷ் வகையில் சேராது.

எந்தப் பதிப்பு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று கேட்பார்கள். பெரிய வி-யை இரண்டு தடவை போட்டுப் பைத்தானை ஓட்டினால் பதிப்போடு சேர்த்து அது எப்போது, எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது என்பதும் வரும், அதை அப்படியே ஒட்டுங்கள். பழைய பதிப்பில் மட்டும் வரும் பிழையைப் பதிந்து பயனில்லை. 3.13-லிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு ஆண்டுதான் சாதாரணப் பிழைத் திருத்தம். அதன் பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும்வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஆகவே புதிய பதிப்பு ஒன்றை நிறுவி அதிலும் ஓட்டிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை, அங்கே பதில் சொல்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சிறு வாக்கியங்கள், நிகழ்காலம், அவ்வளவுதான். ஏஐயிடம் கொடுத்து நீட்டி முழக்கச் சொல்லாதீர்கள். இரண்டு வரி நிரலுக்கு ஒன்றரைப் பக்க விளக்கம் வந்தால், படிக்கிறவர் முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான்.

சாரம் இப்படி இருந்தால் போதும்:

"தலைப்பு: ரீ: பேக்ஸ்லாஷ்-டபிள்யூ தமிழ் உயிர்மெய்க் குறிகளில் பொருந்துவதில்லை.
ஓட்டியது: இந்த இரண்டு வரி.
வந்தது: 'தம', 'ழ' என இரண்டு துண்டுகள்.
எதிர்பார்த்தது: 'தமிழ்' என ஒரே துண்டு. காரணம்: ஆவணத்தின் இன்ன வாக்கியம், யூனிகோட் வழிகாட்டியின் இன்ன பிரிவு.
பதிப்பு, சிஸ்டம்.
குறியெண் வடிவம்."

தலைப்பில் "ரெகெக்ஸ் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று போடாதீர்கள். ஆயிரக்கணக்கான திறந்த பதிவுகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படாது. "எதிர்பார்த்தது" என்ற வரிக்குப் பின்னால் வரும் "காரணம்" என்ற வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அந்த வரி இல்லாத அறிக்கை வெறும் ஆச்சரியம்.

இந்த வழக்கில் அந்த வரிக்கு என்ன ஆயிற்று என்பது ஒரு தனி வேடிக்கை. பழைய ஆவணத்தில், பேக்ஸ்லாஷ்-டபிள்யூ எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய பெரும்பாலான எழுத்துகளை ஏற்கும் என்று எழுதியிருந்தது. அதை வைத்து வாதாடலாம், தமிழில் பாதிக்கு மேல் போகிறதே என்று. பிறகு அந்த வாக்கியத்தை மாற்றி, ஈஸ்ஆல்னம் ஏற்கும் எழுத்துகளும் அடிக்கோடும் என்று துல்லியமாக்கிவிட்டார்கள். நிரல் அப்படியே இருக்கிறது, ஆவணம் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. நேற்று வரை பக் என்று சொல்ல இருந்த பிடி போய்விட்டது. இனி இது மேம்பாட்டுக் கோரிக்கைதான்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சி சொல்வதும் வெறும் சாக்கு இல்லை: பேக்ஸ்லாஷ்-டபிள்யூவை நம்பிப் பயனர்பெயரைச் சரிபார்க்கும் நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு நாள் காலையில் அவை எல்லாம் வேறு மாதிரி நடந்துகொண்டால் அந்தப் பழி யாருக்கு? பழைய நிரல்கள் உடையாமல் மாற்றுவது எப்படி என்பதற்கு பெப் 387 என்று தனிக் கொள்கையே இருக்கிறது.

பொதுவில் எழுதக் கூடாதது

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுப் பதிவேட்டில் எழுதவே கூடாது. பைத்தானுக்குப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதற்குத் தனியாக எழுதுவதற்கான வழி பைத்தான் டாட் ஆர்க்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கிறது. மிக நீண்ட இலக்க வரிசையை எண்ணாக மாற்றச் சொன்னால் சர்வர் திணறிப்போகும் என்று ஒரு குறை இருந்தது. 2022 செப்டம்பரில் திருத்தம் வந்தபோது, 4300 இலக்கத்துக்கு மேல் போனால் எரர் என்று ஒரு வரம்பை வைத்தார்கள். பழைய பதிப்புகளுக்கும் சிறு திருத்தமாகவே அதை அனுப்பினார்கள். பெரிய எண்களோடு விளையாடும் கணிதக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். பாதுகாப்பு என்று வந்தால் வழக்கமான நிதானம் கொஞ்சம் தளரும்.

மாற்ற வேண்டும் என்றால்

புது வசதிக்கு முதலில் பைத்தான்காரர்கள் யோசனை பேசும் இடத்தில் போடுங்கள், நேராக இஷ்யூவாக வேண்டாம். "இது இருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஆரம்பித்தால் அங்கேயே கரைந்துபோகும். இன்றைக்கு மக்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், அந்தச் சமாளிப்பில் எங்கே தவறுகிறார்கள், பெயர் தெரிந்த திட்டங்களில் எத்தனை இடத்தில் அந்தத் தவறு இருக்கிறது என்று காட்டுங்கள். பெப் 616-ஐ ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். சின்ன விஷயத்துக்கு எப்படி வழக்குக் கட்டுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

விஷயம் பெரிதானால் பெப் எழுத வேண்டும். நீங்கள் கோர் டெவலப்பராக (மூலநிரலை மாற்றும் உரிமை பெற்றவராக) இல்லாவிட்டால், அவர்களில் ஒருவர் ஸ்பான்சராக நிற்க வேண்டும். நோக்கம், விளக்கம், பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், நிராகரித்த மாற்று வழிகள் என்று பகுதிகள் உண்டு. கடைசிப் பகுதியைத்தான் அனுபவசாலிகள் முதலில் புரட்டுவார்கள். தங்கள் மனதில் உடனே தோன்றும் மாற்று வழியை நீங்கள் யோசித்திருக்கிறீர்களா என்று பார்ப்பதற்காக.

தீர்ப்புச் சொல்வது ஐந்து பேர் கொண்ட ஸ்டீரிங் கவுன்சில். முன்பு கீடோ வான் ரோஸம் ஒருவரே சொல்லிவந்தார். 2018-இல் பெப் 572 என்ற, எக்ஸ்பிரஷனுக்கு நடுவிலேயே வேரியபிளில் மதிப்பு வைக்கும் குறி பற்றிய சண்டை அவரையே களைப்படைய வைத்தது. அதை ஏற்றுக்கொண்ட கையோடு, இனி முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று ஜூலையில் விலகினார். அந்தக் குறி 2019 அக்டோபரில் 3.8-இல் வந்தது, இப்போது எல்லோரும் சாதாரணமாக எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம், மதிப்பு இல்லாத இடத்தில் சத்தமில்லாமல் தாண்டிப்போகும் ஆபரேட்டர்களைக் கேட்ட பெப் 505, 2015-இல் எழுதப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்றால் மறுப்பு இல்லை. யாராவது மறுபடி தூக்கிச் சுமக்க வேண்டும்.

கால அட்டவணையும் தெரிந்திருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில். ஆனால் மே மாத வாக்கில் முதல் பீட்டா வந்ததும் புது வசதிகளுக்குக் கதவு சாத்தப்படும். ஜூனில் ஏற்கப்பட்ட யோசனை மறு ஆண்டு அக்டோபரில்தான் கைக்கு வரும்.

நீங்களே திருத்தினால்

ஆவணத்தில் எழுத்துப்பிழை போன்ற சில்லறைத் திருத்தங்களுக்கு இஷ்யூ கூட வேண்டாம், நேராக புல் ரிக்வஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பலாம். புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒரு முறை கையெழுத்திடச் சொல்லி ஒரு பாட் (தானியங்கி நிரல்) வரும், அதை முடித்துவிடுங்கள். நிரலைத் திருத்தினால் டெஸ்ட் சேர்க்க வேண்டும், முக்கியமாகத் திருத்தத்துக்கு முன் தோற்று, பின் ஜெயிக்கிற டெஸ்ட். பிளர்ப் என்ற சிறு கருவியால் மாற்றக் குறிப்பு ஒரு வரியும். தலைப்பு இஷ்யூ எண்ணோடு தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பாட் ஞாபகப்படுத்தும். ஏற்கப்பட்ட திருத்தத்தைப் பழைய பதிப்புகளுக்கு எடுத்துச்செல்வதும் மிஸ் இஸ்லிங்டன் என்ற பாட்தான்.

பதில் வராமல் கிடந்தால் ஒரு மாதம் கழித்துப் பணிவாக ஒரு வரி கேட்கலாம். பெரும்பாலோர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். இதற்கென்று முழுநேரமாக ஒருவரைப் பைத்தான் அறக்கட்டளை அமர்த்த ஆரம்பித்ததே 2021-இல்தான்.

அதுவரை உங்கள் வேலை நிற்க வேண்டியதில்லை. சொல் பிரிக்க ரெகெக்ஸ் என்ற தனி லைப்ரரியைப் பிப்பில் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர், மேலே சொன்ன 1693050 பதிவையே சுட்டி, சொல்லெழுத்தின் வரையறையை யூனிகோட்படி விரித்திருக்கிறார். அதில் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ "தமிழ்" என்பதை முழுதாகவே தரும். பேக்ஸ்லாஷ்-பெரிய எக்ஸ் போட்டால் 'த', 'மி', 'ழ்' என்று நாம் எண்ணுகிற மாதிரியே மூன்றாகப் பிரிக்கும். க்ஷ மட்டும் 'க்', 'ஷ' என இரண்டாக வரும், அதற்கு நீங்கள் தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் நிரலில் அந்த இம்போர்ட் வரிக்கு மேலே காரணத்தையும் இஷ்யூ எண்ணையும் கமெண்டாகப் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்து சேரும் பிள்ளை, ரீ இருக்கும்போது இது எதற்கு என்று எடுத்துவிடாமல் இருக்க.